குண்டு போட்ட விமானங்கள் காட்டுத்தீ அணைக்கப் போனது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்கென்று கட்டப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் பல, போர் முடிந்த பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டுத்தீயின் மேல் தண்ணீரும் தீத்தடுப்புக் கலவையும் கொட்டுகிற வேலைக்குப் போயின. போரில் ஓரிரு ஆண்டுகள் இருந்த விமானம், தீயணைப்பில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறது. பழைய விமானங்களில் எனக்கு ஆர்வம் அதிகம் என்பதால் இதைப் பற்றி நிறையப் பேர் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எத்தனையோ வகை விமானம் இருக்க, குண்டுவீச்சு விமானம் எதற்கு?

முதல் காரணம் விலை. போர் முடிந்ததும் அமெரிக்க அரசின் கையில் ஆயிரக்கணக்கான விமானங்கள் வேலையில்லாமல் நின்றன. பி-17 என்ற குண்டுவீச்சு விமானத்தை மட்டும் 12,731 கட்டியிருந்தார்கள். அரிசோனாவின் கிங்மன், ஆர்கன்சாவின் வால்நட் ரிட்ஜ் போன்ற இடங்களில் வரிசையாக நிறுத்தி வைத்து, பெரும்பாலானவற்றை வெட்டி உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கினார்கள். கட்டுவதற்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலவான பி-17ஐ 13,750 டாலருக்கு விற்றார்கள். சிறிய நிறுவனம்கூட வாங்க முடிகிற விலை.

அடுத்த காரணம் அந்த விமானத்தின் வயிறு. பயணிகள் விமானத்தில் எடையைத் தரைமேல் பரப்பி வைப்பார்கள். குண்டுவீச்சு விமானத்தில் நடு வயிற்றில், இறக்கைகளுக்குச் சரியாகக் கீழே, குண்டு தொங்கவிடுகிற பெரிய அறை இருக்கும். விமானத்தின் எடை சமன்படுகிற இடமும் அதுதான். அங்கிருந்து சில டன் எடை ஒரே நொடியில் விழுந்தாலும் விமானம் தலைகுப்புறக் கவிழாது. பறக்கும்போதே திறக்கிற கதவுகள் அந்த அறைக்கு ஏற்கெனவே உண்டு. பெருஞ்சுமையோடு மேலெழும் எஞ்சின் வலுவும் உண்டு. குண்டை எடுத்துவிட்டுத் தொட்டியை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஆட்கள். இந்த விமானங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் ராணுவம் பழக்கிவிட்டவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். உதிரி பாகங்களும் மலிவாகக் கிடைத்தன.

காட்டுத்தீயில் முதன்முதலில் தண்ணீர் ஊற்றியது குண்டுவீச்சு விமானம்தானா?

இல்லை. குண்டுவீச்சு விமானத்தை வைத்துச் சோதனைகள் முன்பே நடந்தன. 1947இல் மொன்டானாவின் மிசூலா பகுதியில் அமெரிக்க வனத்துறையும் ராணுவ விமானப் படையும் சேர்ந்து, பி-29 குண்டுவீச்சு விமானத்திலிருந்தும் பி-47 (P-47) தண்டர்போல்ட் சண்டை விமானத்திலிருந்தும் தண்ணீர் நிரப்பிய கலங்களைக் குண்டு மாதிரியே போட்டுப் பார்த்தார்கள். கலத்தோடு சேர்த்துப் போடுகிற அந்த முறை நிலைக்கவில்லை. கீழே தீயோடு போராடுகிறவர்கள் தலையில் இரும்புக் கலம் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே போதும். 1954இல் கலிஃபோர்னியாவில் 'ஆபரேஷன் ஃபயர்ஸ்டாப்' என்ற பெரிய சோதனைத் திட்டத்தில், அவெஞ்சர் என்ற போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்திலிருந்து தண்ணீரை அப்படியே திறந்துவிட்டுப் பார்த்தார்கள். இது பலன் தந்தது.

ஆனால் உண்மையான தீயில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது வயலுக்கு மருந்து தெளிக்கிற ஒரு சின்ன விமானம். 1953இல் கலிஃபோர்னியாவின் மென்டசீனோ காட்டில் ராட்டில்ஸ்நேக் தீயில் 15 பேர் வெந்து இறந்தார்கள். அந்தக் காட்டின் தீத்தடுப்பு அதிகாரியாக இருந்த ஜோ ஈலி, அருகில் வில்லோஸ் என்ற ஊரில் இருந்த மருந்து தெளிக்கும் விமானிகளிடம் உதவி கேட்டார். நோல்ட்டா குடும்பத்தார் தங்கள் ஸ்டியர்மன் இரட்டை இறக்கை விமானத்தின் அடியில் ஒரு கதவு வைத்தார்கள். கொள்ளளவு சுமார் 640 லிட்டர்தான். 1955 ஆகஸ்ட் 12ஆம் தேதி மென்டன்ஹால் என்ற இடத்துத் தீயில் வான்ஸ் நோல்ட்டா அதைத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டே இப்படி ஏழு விமானங்கள் கொண்ட ஒரு படை தயாரானது.

இதன் பிறகுதான் பெரிய வயிறுள்ள விமானங்கள் மேல் எல்லோருடைய கண்ணும் போனது.

மாற்றுவதற்கு என்னவெல்லாம் செய்தார்கள்?

துப்பாக்கிகள், கவசத் தகடுகள், குண்டு மாட்டும் கொக்கிகள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். குண்டு அறையில் உலோகத் தொட்டி. அந்தத் தொட்டிக்குள் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்கும் தனிக் கதவு. விமானி ஒரு கதவை மட்டும் திறக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து நீளமான கோடு போடலாம், ஆபத்து வந்தால் எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொட்டிவிட்டு எடையைக் குறைக்கலாம். போரில் பத்துப் பேர் பறந்த பி-17இல் இப்போது இரண்டே பேர். அவெஞ்சரில் விமானி மட்டும்.

மேலிருந்து ஊற்றினால் தீ அணைந்துவிடுமா?

பெரும்பாலும் இல்லை. படங்களைப் பார்க்கிறவர்களுக்கு வருகிற பெரிய தவறான எண்ணம் இதுதான். ஒரு பி-17 சுமந்தது சுமார் 7,000 லிட்டர். நம் தெருவுக்கு வருகிற ஒரு தண்ணீர் லாரியின் அளவுகூடச் சில நேரம் இருக்காது. ஏக்கர் கணக்கில் எரிகிற மலைச்சரிவுக்கு இது எந்த மூலைக்கு?

விமானத்தின் வேலை நேரம் வாங்கித் தருவது. தீ போகிற திசையில், அது வந்து சேர்வதற்கு முன்பே, புல்லின் மேலும் புதரின் மேலும் ஒரு பட்டை போட்டுவிட வேண்டும். தீ அந்தப் பட்டையைத் தொடும்போது வேகம் குறையும். அந்த நேரத்துக்குள் தரையில் இருக்கிறவர்கள் மண்ணைக் கொத்தி, எரிவதற்கு எதுவும் இல்லாத வெற்றுக்கோடு ஒன்றை உண்டாக்குவார்கள். தீயை நிறுத்துவது அந்தக் கோடுதான். மண்வெட்டி பிடிக்கிறவர்கள் வராவிட்டால் விமானம் போட்ட பட்டையைத் தீ கொஞ்ச நேரத்தில் சுற்றியோ தாண்டியோ போய்விடும்.

எந்த உயரத்திலிருந்து ஊற்றுவது என்பதும் பெரிய விஷயம். மரத்தலைக்கு மேல் 150 முதல் 200 அடி என்பது பொதுவான அளவு. அதைவிடக் கீழே இறங்கினால் டன் கணக்கான திரவம் சிதறாமல் மொத்தமாக விழும். மரத்தை முறிக்கும், ஆளை அடித்துச் சாய்க்கும். அதிகம் மேலே போனால் காற்றில் சாரலாகப் பிரிந்து, வேண்டாத இடத்துக்குப் போய்விடும்.

ஊற்றுவது ஏன் சிவப்பாக இருக்கிறது?

வெறும் தண்ணீர் தீயின் சூட்டில் தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும், தொட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் 1950களின் பிற்பகுதியில் போரேட் உப்பு கலந்தார்கள். இந்த விமானங்களுக்கு 'போரேட் பாம்பர்' என்று பெயர் வந்தது அதனால்தான். ஆனால் போரேட் விழுந்த மண்ணில் செடி முளைக்கவில்லை. காட்டைக் காப்பாற்றப் போய் மண்ணை மலடாக்குவது சரிதானா என்ற கேள்வி வந்து அதைக் கைவிட்டார்கள். பெண்டோனைட் களிமண் கலந்து பார்த்தார்கள். பிறகு அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் சல்பேட் வந்தன. இவை நாம் வயலுக்குப் போடுகிற உர வகைகளே. தண்ணீர் வற்றிய பிறகும் இந்த உப்பு இலைமேல் படிந்திருக்கும். சூடு ஏறும்போது இலையும் கட்டையும் எரியும் வாயுவாக மாறுவதைக் குறைத்து, கரியாக்கிவிடும்.

சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். முந்தைய விமானம் எங்கே போட்டது என்று அடுத்து வருகிற விமானிக்கு மேலிருந்து தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகச் சேர்ப்பது.

கலவை கொழகொழப்பாக இருந்தால்தான் காற்றில் சிதறாமல் விழுந்து இலையில் ஒட்டும். அதற்குப் பல கலவைகளில் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பசையைச் சேர்க்கிறார்கள். உலகத்தில் அந்தப் பசையை அதிகம் உற்பத்தி செய்வது இந்தியா, அதிலும் ராஜஸ்தான். நாம் பொரியல் செய்கிற கொத்தவரங்காயின் விதை கலிஃபோர்னியாக் காட்டில் தீயைத் தடுக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எந்தெந்த விமானங்கள் இந்த வேலைக்கு வந்தன?

அவெஞ்சர் முதலில். கப்பல்மேல் டார்ப்பிடோ போடக் கட்டிய ஒற்றை எஞ்சின் விமானம், முரட்டு உழைப்பாளி. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் காட்டுக்குப் பூச்சிமருந்து தெளிக்கவும் தீயணைக்கவும் ஒரு பெரிய அவெஞ்சர் கூட்டமே இருந்தது. 2000களின் தொடக்கத்திலும் அவை வேலை செய்துகொண்டிருந்தன.

பி-17 1960 வாக்கில் வந்து 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஏ-26 இன்வேடர் வேகமானது. கனடாவில் அபாட்ஸ்ஃபோர்டின் கோனேர், ரெட் டீரின் ஏர் ஸ்ப்ரே ஆகிய நிறுவனங்கள் அதை நம்பி வளர்ந்தன. பி-24இன் கடற்படைத் தம்பியான பிரைவேட்டியர், வயோமிங்கின் கிரேபுல் என்ற சிற்றூரிலிருந்து 2002 வரை பறந்தது. பி-25க்கு மட்டும் இந்த வேலை ஒத்துவரவில்லை. 1960ஆம் ஆண்டின் தீக்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை விழுந்து நொறுங்க, அமெரிக்க வனத்துறை அதைக் கைவிட்டது.

நெப்டியூன் விமானத்தையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது முதலில் பறந்தது 1945இல் என்றாலும் பனிப்போர் காலத்துக் கடல் ரோந்து விமானம் என்றே சொல்ல வேண்டும். மிசூலாவில் உள்ள ஒரு நிறுவனம் 2017 வரை அதைத் தீயணைப்பில் வைத்திருந்தது.

ஏரியில் இறங்கித் தண்ணீர் அள்ளுகிற விமானங்கள் வேறா?

ஆமாம். பி-17 போன்றவை ஒவ்வொரு முறையும் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய்க் கலவை நிரப்ப வேண்டும். கடல் விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏரி மேற்பரப்பை உரசியபடி ஓடும்போது அடியில் உள்ள குழாய் வழியாகத் தண்ணீர் தானே ஏறும். ஏரிகள் நிறைந்த கனடாவுக்கு இது மிகவும் பொருந்தியது.

அதில் முதல் பெயர் கேட்டலினா. இந்த விமானம் நமக்கும் அந்நியம் இல்லை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் கேட்டலினாக்கள் சென்னையின் செங்குன்றம் ஏரியில், அதாவது புழல் ஏரியில், இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. 240ஆம் படைப்பிரிவு அங்கே இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு சொன்னதும், இலங்கையின் கொக்கலவிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான். அதே வகை விமானம் பிறகு கனடாவிலும் பிரான்சிலும் தீயணைத்தது. பிரான்சு 1963இல் கேட்டலினாவோடுதான் இந்த வேலையைத் தொடங்கியது.

இரண்டாவது மார்ஸ். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு இதுதான். கடல் ரோந்துக் குண்டுவீச்சு விமானமாகத் திட்டமிட்டு, கடைசியில் கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் இடையே சரக்கு சுமந்த பெரும் பறக்கும் படகு. இறக்கை நீளம் 61 மீட்டர். 1959இல் நான்கு மார்ஸ் விமானங்கள் கழிவுக்குப் போகவிருந்தன. டேன் மெக்கைவர் என்ற விமானி பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரக் கம்பெனிகளைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, நான்கையும் சேர்த்து 1,00,000 டாலருக்கு வாங்க வைத்தார். வான்கூவர் தீவில் ஸ்ப்ரோட் ஏரி அவற்றின் வீடானது. சுமார் 27,000 லிட்டரை அரை நிமிடத்துக்குள் அள்ளிவிடும்.

தொடக்கம் சோகமானது. 1961 ஜூனில் மரியானாஸ் மார்ஸ் மலைக்காட்டில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு புயல் கரோலைன் மார்ஸைத் தூக்கி எறிந்து நாசமாக்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மிச்சமிருந்த ஹவாய் மார்ஸும் பிலிப்பைன் மார்ஸும் அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தக் காடுகளைக் காத்தன.

ஏரியில் நீந்தியவரை விமானம் அள்ளிக்கொண்டுபோய்த் தீயில் போட்டதாமே?

நடக்க முடியாத கதை. தண்ணீர் ஏறுகிற குழாயின் வாய் கையளவுதான் இருக்கும். மனிதர் அதற்குள் போகவே முடியாது.

அணுகுண்டு சோதனையில் நிறுத்தப்பட்ட விமானம் தீயணைத்தது உண்மையா?

உண்மை. ஒரு பி-17ஐ 1952இல் நெவாடா பாலைவனத்தில் நிறுத்தி வைத்து, மூன்று அணுகுண்டு வெடிப்புகளின் விளைவு விமானத்தை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பல ஆண்டுகள் கதிர்வீச்சு அடங்கும்வரை கிடந்தது. 1965இல் கழிவு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதைச் செப்பனிட்டுப் பறக்க வைத்து, சுமார் இருபது ஆண்டுகள் தீயணைப்பில் ஓட்டினார்கள். பிறகு 'நைன்-ஓ-நைன்' என்ற போர்க்கால விமானத்தின் பெயரையும் நிறத்தையும் பூசிக் கண்காட்சி விமானமாக்கினார்கள். 2019 அக்டோபரில் கனெக்டிகட்டில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி, ஏழு பேர் இறந்தார்கள்.

இவ்வளவு நல்ல விமானங்களை ஏன் நிறுத்திவிட்டார்கள்?

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். அதனால் நிறுத்தினார்கள்.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால், முதலில் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒடியும். உலோகச் சோர்வு என்பது அதுதான். விமானத்தின் இறக்கை காற்றில் மேலும் கீழும் அசையும்போது ஒவ்வொரு அசைவும் ஒரு மடக்கல். தீயணைப்பு விமானம் இந்த மடக்கலை மற்ற விமானங்களைவிடப் பல மடங்கு அதிகமாகவும் கடுமையாகவும் வாங்குகிறது. தீயின் சூட்டால் குமுறுகிற காற்றில், மலை இடுக்கில், முழுச் சுமையோடு தாழப் பறக்க வேண்டும். சுமையைக் கொட்டிய கணத்தில் விமானம் விடுபட்ட வில் மாதிரி மேலே எழும்பும். உடனே மலையைத் தவிர்க்க இழுத்துத் திருப்ப வேண்டும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இதே வேலை. போர்க்கால விமானங்களைக் கட்டியவர்கள் அவை சில நூறு மணி நேரம் பறந்தால் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

2002இல் இரண்டு விபத்துகள் ஒரு மாத இடைவெளியில் நடந்தன. ஜூன் 17 அன்று கலிஃபோர்னியாவின் வாக்கர் என்ற ஊருக்கு அருகில், சி-130ஏ என்ற பழைய ராணுவச் சரக்கு விமானம் ஒன்று கலவையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இறக்கைகளும் கழன்று விழுந்தன. மூன்று பேர் இறந்தார்கள். இதை ஒருவர் படம் பிடித்திருந்ததால் உலகமே பார்த்தது. ஜூலை 18 அன்று கொலராடோவில் எஸ்டஸ் பார்க் அருகில், டேங்கர் 123 (தீயணைப்பு விமானத்தை டேங்கர் என்பார்கள்) என்ற பிரைவேட்டியரின் இடது இறக்கை தனியாகப் பிரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டிலும் காரணம் உலோகச் சோர்வால் வந்த விரிசல். யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். சி-130ஏயையும் பிரைவேட்டியரையும் நிரந்தரமாகத் தரையில் நிறுத்தினார்கள். இந்த விமானங்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்கு அதுவரை தெளிவான பதிலே இருக்கவில்லை. விமானம் தனியாருடையது, வேலை வனத்துறையுடையது, சான்றிதழ் இன்னொரு துறையுடையது. 2004இல் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பொறுப்பு வனத்துறைக்கே என்று சொன்னது. விமானங்களின் பறக்கும் தகுதியை எங்களால் உறுதிப்படுத்த முடியாது என்று சொல்லி, அந்த மே மாதமே வனத்துறையும் நிலநிர்வாகத் துறையும் 33 பெரிய டேங்கர்களின் ஒப்பந்தத்தை ரத்து செய்தன. பிறகு கடுமையான சோதனைக்கு உட்பட்டுச் சில நெப்டியூன்கள் திரும்ப வந்தன.

எனக்கு இந்த விமானங்கள் மேல் அளவில்லாத பாசம். ஆனாலும் அந்த முடிவு நாற்பது ஆண்டு தாமதமாக வந்தது என்றே நினைக்கிறேன். 1960இல் பி-25கள் விழுந்தபோதே எல்லா வகையையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். விமானம் மலிவு என்பதால் ஆட்களின் உயிரும் மலிவு என்று நடந்துகொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அந்த விமானிகள் எப்படிப்பட்டவர்கள்?

தொடக்கத்தில் பலர் போரில் பறந்தவர்கள், வயலுக்கு மருந்து தெளித்தவர்கள். கோடைமுழுக்க ஓடுதள ஓரத்தில் காத்திருப்பார்கள். அழைப்பு வந்ததும் சில நிமிடங்களில் கிளம்ப வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு சிறிய வழிகாட்டி விமானம் முன்னால் பறந்து, காற்றையும் தப்பிக்கும் வழியையும் பார்த்துச் சொல்லும். அதன் பின்னால் புகைக்குள் இறங்குவார்கள்.

இன்று யார் அந்த வேலையைச் செய்கிறார்கள்?

பயணிகள் ஜெட் விமானங்களை மாற்றிய பிஏஇ-146, ஆர்ஜே85, சுமார் 35,000 லிட்டர் சுமக்கிற டிசி-10 முதலியவை. ஏரியில் அள்ளுவதற்கென்றே கனடாவில் வடிவமைத்த சிஎல்-215, சிஎல்-415 விமானங்கள். இவை கேட்டலினாவின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. கலிஃபோர்னியா மாநிலம், நீர்மூழ்கிகளைத் தேடக் கட்டிய 1950களின் டிராக்கர் விமானத்தில் புது எஞ்சின் மாட்டி இன்றும் ஓட்டுகிறது. இந்தியாவில் இந்த வேலையை ஹெலிகாப்டர் செய்கிறது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயில் விமானப் படையின் மி-17, பெரிய வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றியது.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். இன்று உலகில் மிஞ்சியிருக்கிற பி-17களிலும் அவெஞ்சர்களிலும் கணிசமானவை, தீயணைப்பில் இருந்ததால் உருக்கு உலையிலிருந்து தப்பியவை. அரிசோனாவின் மேசாவில் உள்ள 'சென்டிமென்டல் ஜர்னி' அப்படிப்பட்ட ஒரு பி-17. 1970களின் பிற்பகுதி வரை டேங்கராக இருந்து, 1978இல் பழைய போர் விமானங்களைப் பராமரிக்கிற 'நினைவு விமானப் படை' என்ற அமைப்புக்குத் தானமாக வந்தது. கிரேபுலில் வான்வழித் தீயணைப்புக்கென்றே ஒரு அருங்காட்சியகம் உண்டு.

மார்ஸ் இரண்டும் 2024, 2025 ஆண்டுகளில்தான் அருங்காட்சியகம் நோக்கிக் கிளம்பின. ஹவாய் மார்ஸ் 2024 ஆகஸ்ட் 11 அன்று ஸ்ப்ரோட் ஏரியிலிருந்து கடைசியாகக் கிளம்பி, கனடா விமானப் படையின் சாகசக் குழு உடன் பறந்து வர, விக்டோரியாவுக்கு அருகே உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனது. பிலிப்பைன் மார்ஸ் 2025இல் அரிசோனாவுக்குப் பறந்தது, டூசானின் பீமா அருங்காட்சியகத்துக்காக. ஹவாய் மார்ஸ் மேல் தீயணைப்பு நாட்களின் சிவப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கின்றன. பிலிப்பைன் மார்ஸ் மேல் பழைய கடற்படையின் கருநீலம்.